பறி என்ற சொல்லுக்கு ஒரு மஞ்சள் சீட்டு

எங்கள் அகராதி ‘ப’ என்ற எழுத்தை நெருங்க ஆரம்பித்ததிலிருந்தே என் கணவருக்குத் தூக்கம் போய்விட்டது.

முதலில் அதை வயதின் கோளாறு என்றுதான் நினைத்தேன். அறுபத்திரண்டு வயது மனிதருக்குத் தூக்கம் கெட ஆயிரம் காரணம் உண்டு. அதில் ஓர் எழுத்தும் ஒரு காரணமாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? “த முடிஞ்சிடுச்சா?” என்று கேட்டார். “ந இன்னும் எவ்வளவு நாள் இழுக்கும்?” என்று கேட்டார். வேலையை விட்டு நாலு வருடம் ஆன பிறகும் இவ்வளவு அக்கறையா என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அகராதி வேலை என்றால், நாலு பேர் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து தோன்றியதை எழுதுவார்கள் என்று வெளியே ஒரு நினைப்பு இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் தோன்றியதை எழுதினால், பொறுப்பாசிரியர் அந்தக் காகிதத்தாலேயே மேசையைத் துடைத்துவிட்டு மறு வேலை பார்ப்பார். அவருக்கு ‘முற்றுப்புள்ளி’ என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். எந்தப் பொருளைச் சொன்னாலும் அதற்குச் சாட்சி வேண்டும் என்பார். சாட்சி என்றால், யாரோ ஒருவர் எங்கோ நிஜமாக எழுதிய அல்லது பேசிய ஒரு வாக்கியம். அது உள்ளங்கை அகலச் சீட்டில் இருக்கும். சீட்டில் ஐந்து கட்டங்கள்: சொல், வாக்கியம், சொன்னவர், நாள், சூழல். புத்தகத்திலிருந்து எடுத்தது வெள்ளைச் சீட்டு. மனிதர் வாயிலிருந்து எடுத்தது மஞ்சள் சீட்டு.

மஞ்சள் சீட்டுக்காரர் என் கணவர். சந்தை, பேருந்து நிலையம், முடிதிருத்தும் கடை, மருத்துவமனை வரிசை என்று அலைந்து, பேசுகிறவர்கள் பக்கத்தில் போய் ஒன்றும் தெரியாதவர் மாதிரி நிற்பார். ஒட்டுக்கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நீங்கள்தான் என்று நான் கேலி செய்வேன். அதே அலுவலகத்தில்தான் எனக்கும் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் அவரை சார் என்று கூப்பிட்டேன், பிறகு என்னங்க ஆயிற்று, கோபம் வந்தால் இப்போதும் சார்தான். அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கேட்ட இடத்திலேயே, கேட்ட நிமிடத்திலேயே எழுதிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதினால் அது நம்முடைய வாக்கியமாகிவிடும், அவர்களுடையது இல்லை என்பார். சீட்டுகளுக்கு வரிசை எண் உண்டு. மை கொட்டினாலும் கிறுக்கினாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், ஒன்றைக்கூடக் கிழிக்கக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டதே அவர்தான்.

முதல் பன்னிரண்டு வருடத்தில் எல்லா எழுத்துக்கும் சீட்டு சேர்த்தாகிவிட்டது. சொல் வாரியாகப் பிரித்துத் தகரப் பெட்டிகளில் போட்டு, நாடா சுற்றி, அரக்கு வைத்து, கூரைவரை அடுக்கினார்கள். ஒரு சொல்லின் முறை வரும்போதுதான் அதன் பெட்டியைத் திறக்கலாம். அந்தச் சொல் யார் பொறுப்போ அவர்தான் திறக்கலாம். அதன்பின் எழுத ஆரம்பித்தோம். உயிரெழுத்துக்கு ஆறு வருடம். க எங்களை ஏழு வருடம் கொன்றது. ச, த, ந என்று நகர்ந்து, இருபத்தொரு வருடம் கழித்து ப-வுக்கு வந்து சேர்ந்தோம்.

“ந-வோட நிறுத்திக்கோயேன்” என்றார் ஒரு நாள், சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து. “கண்ணும் சரியில்லை. விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துட்டு வீட்ல இரு.”

“வீட்ல இருந்து உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கவா? அதுக்கு ஆபீஸ் தேவலை” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். ஏழு வயதுவரை. வாய் ஓயாது என்பதால் வாயாடி என்று கூப்பிடுவோம். எதற்கும் கேள்வி. செருப்பு மாட்டும்போதுகூட, “இதை முதல்ல போடவா, அதை முதல்ல போடவா?” என்று கேட்டுவிட்டுத்தான் போடுவாள். அகராதிக்காரர்கள் பெற்ற பிள்ளை வேறு எப்படி இருக்கும் என்று முற்றுப்புள்ளியே ஒருமுறை சிரித்தார்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் அவர் சீட்டு சேர்க்கக் கொய்யாத் தோட்டம் ஒன்றுக்குக் கிளம்பினார். அவளும் ஒட்டிக்கொண்டாள். அவர் பழம் பறிப்பவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, அவர் பார்க்காத நேரத்தில் அவள் ஏணியில் ஏறியிருக்கிறாள். தண்ணீர் பாய்ந்த மண்ணில் ஏணியின் ஒரு கால் இறங்கிவிட்டது. கீழே வாய்க்கால் கல். இதை அவர் மருத்துவமனையில் சொன்னார், காவல் நிலையத்தில் சொன்னார், என்னிடம் சொன்னார், எல்லோரிடமும் அதே சொற்களில் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சொல்கூடக் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. அது ஏன் எனக்கு உறுத்தவில்லை? நிஜமாக நடந்ததைச் சொல்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்வார்கள் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தானே.

உறுத்தாததற்குக் காரணம், என்னிடமும் ஒன்று இருந்தது. அன்று காலையில் வாசலில் நின்றவளிடம் நான் சொன்னேன்: “வெறுங்கையோட வந்தா உள்ள விடமாட்டேன். உன் கையாலயே பறிச்சு எனக்கு ஒண்ணு கொண்டு வா.” சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவளும் சிரித்துக்கொண்டுதான் போனாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரிடம் சொல்லவே இல்லை. அவர் அப்போது தெருவில் இறங்கிவிட்டிருந்தார். அவர் பார்க்காத நேரத்தில் அவள் ஏன் ஏறினாள் என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டே, அதைத் தின்று, அதோடு தூங்கி, அதோடு எழுந்தேன்.

அவள் எங்களை விட்டுப் போன மாதத்திலிருந்து எங்கள் வீட்டில் மதியம் மூன்று மணிவாக்கில் ஒரு குரல் கேட்கும். நான் பேய் பிசாசு நம்புகிற ரகம் இல்லை. ஆனால் கேட்டதைக் கேட்டது என்றுதான் சொல்ல வேண்டும். சமையலறையின் பின்பக்கச் சன்னலுக்கு வெளியே, கொஞ்சம் உயரத்திலிருந்து வரும். சொல் ஒன்றும் புரியாது. கேள்வி கேட்கும்போது கடைசியில் குரல் மேலே ஏறுமே, அந்த ஏற்றம் மட்டும் கேட்கும். பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி கொஞ்சம் அமைதி. பிறகு ஒன்றும் இருக்காது. விடுமுறை நாள்களில் அந்த நேரத்தில் நான் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்ப்பேன். அவர் சன்னலைப் பார்த்தபடி நிற்பார். உங்களுக்கும் கேட்கிறதா என்று நான் கேட்டதே இல்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

ப தொடங்கிய பிறகு அந்தக் குரல் அலுவலகத்துக்கும் வந்தது.

எங்கள் சீட்டு அறையில் ஒரு மர ஏணி உண்டு. நான் அதில் ஏறவே மாட்டேன். எனக்கு வேண்டிய பெட்டிகளை எடுத்துத் தருவதற்கென்றே ஒருவர் இருந்தார், அவரை ஏணிக்காரர் என்போம். மதியத்தில் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, யாரும் இல்லாத அந்த ஏணியில் படி முனகும். ஒரு படி. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு படி. மரம் வெயிலுக்கு விரியும், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெயில் வராத அறை அது.

‘பற’ முடிந்ததும் முற்றுப்புள்ளி என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் இருந்த காகிதத்தை நகர்த்தினார், திரும்ப நகர்த்தினார்.

“மேடம், ‘பறி’யை வேற யாருக்காவது கொடுத்துடலாம்னு பார்க்கிறேன். நீங்க நேரா ‘பனி’க்குப் போயிடுங்க.”

“ஏன் சார்?”

“உங்க வீட்டுக்காரர் போன் பண்ணியிருந்தார். அந்தச் சொல் உங்களுக்கு வேண்டாம்னார். பழம் பறிக்கிறது, தோட்டம், அதெல்லாம் படிக்கணுமே. அவர் சொல்றதும் நியாயம்தானே?”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. என்னைக் கேட்காமல் எனக்கு எது தாங்கும், எது தாங்காது என்று இரண்டு ஆண்கள் போனில் முடிவு செய்கிறார்கள்.

“சார், நான் ‘சா’ எழுதினேன். ‘கொலை’ எழுதினேன். அப்பல்லாம் யாரும் போன் பண்ணலை. ‘பறி’ என்னோட வரிசையில வருது, நான்தான் எழுதுவேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். முற்றுப்புள்ளி அன்று முற்றுப்புள்ளி வைக்கவில்லை.

அந்தச் சொல்லைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் பழைய சண்டை ஒன்று உண்டு. விளைந்ததை எடுப்பதற்கு நம்மிடம் எத்தனை வினை! நெல்லை அறுப்போம், கரும்பை வெட்டுவோம், கடலையைப் பிடுங்குவோம், கீரையைக் கிள்ளுவோம், பூவைக் கொய்வோம், காயையும் பழத்தையும் பறிப்போம். ஆனால் பறி என்பதற்கு அது மட்டுமா பொருள்? மண்ணில் குழியும் பறிக்கிறோம். வழியில் போகிறவன் பையையும் பறிக்கிறார்கள். எது முதல்? மண்ணைத் தோண்டியதுதான் பழையது, பழம் பிறகு வந்தது என்பது முற்றுப்புள்ளியின் கட்சி. என் கணவர் ஒப்பமாட்டார். மனுசன் திருடக் கற்றுக்கொள்வதற்கு முன்னால், குழி வெட்டுவதற்கு முன்னால், பசிக்கு ஒரு பழத்தைத்தான் இழுத்திருப்பான், அதுதான் தாய் என்று வாதாடுவார். அக்கம்பக்கத்து மொழிகளில் எல்லாம் இந்தச் சொல்லின் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள்; அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பத்து வருடம் ஓடிய அந்த வாதத்தை, தோட்டத்திலிருந்து வந்த பிறகு அவர் ஒருநாளும் எடுக்கவில்லை.

மறுநாள் ஏணிக்காரர் முழங்கால் வலி என்று வரவில்லை. பெட்டி மேல்தட்டில் இருந்தது. நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்திருக்கலாம். ஆனால் முந்தின நாள் அவ்வளவு வீராப்புப் பேசிவிட்டு, பெட்டி எட்டவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? எல்லோரும் சாப்பிடப் போகும்வரை காத்திருந்தேன். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

நாலாவது படிக்கு வந்தேன். எனக்கு மேலே ஒரு படி முனகியது. என் காலுக்குக் கீழே இல்லை, மேலே. யாரோ ஒதுங்கி எனக்கு இடம் விட்ட மாதிரி இருந்தது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டிப் பெட்டியை இழுத்து, மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினேன்.

அரக்கை உடைத்ததும் பழைய காகித வாசனை வந்தது. வெள்ளைச் சீட்டுகளை ஒதுக்கிவைத்தேன். மஞ்சள் சீட்டு எல்லாம் அவருடைய கையெழுத்து, சாய்ந்து சாய்ந்து, அவசரமாக.

“பஸ்ல எவனோ என் பையைப் பறிச்சுக்கிட்டான்.” சொன்னவர்: தையல்காரர். சூழல்: பை அவர் மடியிலேயே இருந்தது, பிறகு கண்டுபிடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. “ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து எனக்குக் குழி பறிக்கிறாங்க.” சொன்னவர்: எழுத்தர். சூழல்: இரண்டு வருடமாக வேலைக்குப் போகாதவர். “ரெண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவ நான், என்கிட்ட வரிசை பேசாதே.” சொன்னவர்: மருத்துவமனையில் நின்ற பெண். சூழல்: எல்லோரும் வழிவிட்டார்கள். அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். பறிகொடுத்தல். அந்தப் பெண்ணுக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. அப்போது எனக்கு இதன் பொருள் முதல் முறையாகப் பிடிபட்டது போல் இருந்தது. பழமோ, பையோ, மண்ணோ, பிள்ளையோ, ஒன்று இன்னொன்றை விடாமல் பிடித்திருக்கிறது. அந்தப் பிடியிலிருந்து இழுத்து எடுப்பதுதான் பறிப்பது. எது முதல் என்று இவர்கள் ஏன் அடித்துக்கொண்டார்கள்?

தோட்டத்துச் சீட்டுகள் அடியில் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே தேதி. அந்தத் தேதி. கூலிக்குப் பறிக்கிறவர்கள் பேசியது நாற்பது இருக்கும். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். கடைசிச் சீட்டின் எண் 4117.

சொல்: பறி.

வாக்கியம்: “அப்பா, அம்மாவுக்கு இதைப் பறிக்கட்டுமா, மேல இருக்கறதைப் பறிக்கட்டுமா?”

சொன்னவர்: என் மகள், வயது 7.

நாளும் இருந்தது. சூழல் என்ற கட்டத்தில் ‘ஏணியில் நி’ என்று மட்டும் இருந்தது. அந்த ‘நி’யின் மேல்வளைவிலிருந்து பேனா சறுக்கி, கட்டத்தைத் தாண்டி, சீட்டின் ஓரம்வரை ஒரே கோடாகப் போயிருந்தது.

எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. பார்க்காத நேரத்தில் என்றாரே. பார்க்காமல் இருந்தால் இதை எப்படி எழுதினார்? அவள் ஏணியில் நிற்பது தெரியும். அவள் கேட்டதும் தெரியும். அவருடைய சட்டம்தான் இருக்கிறதே, கேட்ட நிமிடத்திலேயே எழுதியிருக்கிறார். எழுதிக்கொண்டிருக்கும்போது... அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை. அறை மூலையில் ஏணி முனகியது. “சும்மா இரு, வரேன்” என்று சத்தமாகச் சொன்னேன்.

சீட்டை அலுவலகத்துக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன். ஆத்திரத்தில் ஏறிய பேருந்து வேறு தடம், இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்தேன்.

கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டே முக்கால். இந்த நேரத்துக்கு நான் ஒருநாளும் வந்ததில்லை.

“பெட்டியைத் திறந்துட்டியா?” என்றார்.

சீட்டை எடுத்துச் சமையலறை மேசைமேல் வைத்தேன். “ஏணியில் நி. அதுக்கப்புறம் என்ன சார்?”

சார் என்றதும் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சீட்டைத் தொடவில்லை. “ஏணியில் நின்றபடின்னு எழுதப் போனேன்.”

“பார்க்கலைன்னு சொன்னீங்களே.”

“பார்க்கலைதான். அது பொய் இல்லை. குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்தேன்.” பிறகு, “ஏறச் சொன்னதே நான்தான்” என்றார்.

குறுக்கே பேசினால் நிறுத்திவிடுவார் என்று பயமாக இருந்தது.

“பெரியவங்க பேசினது நாப்பது சீட்டு ஆயிடுச்சு. குழந்தை வாயில அந்தச் சொல் எப்படி வருதுன்னு ஒண்ணுகூட இல்லை. ஏறிப் பறிச்சுப் பாரு, என்ன தோணுதோ சொல்லுன்னேன். நாலு படிதான். கையெட்டற தூரத்துல ஒரு பழம் இருந்துச்சு. அவ அதைத் தொட்டுக்கிட்டே கேட்டா. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஒரே வாக்கியத்துல ரெண்டு தடவை அந்தச் சொல். உடனே எழுத ஆரம்பிச்சுட்டேன்.”

“அவ கேட்டாளே. நீங்க என்ன பதில் சொன்னீங்க?”

சீட்டில் பதிலுக்குக் கட்டம் கிடையாது. அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வி என்றைக்காவது வரும் என்று இருபத்திரண்டு வருடமாக எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவர் முகம் அது.

“மேல இருக்கறதைன்னு சொன்னேன்.”

“நிமிர்ந்து பார்த்துச் சொன்னீங்களா?”

“இல்லை.”

கையில் கிடைத்த டம்ளரைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். எவர்சில்வர் டம்ளர், உடையக்கூட இல்லை, உருண்டு அவர் காலடியிலேயே போய் நின்றது. பாவி, பாவி என்று கத்தினேன். ஒரு சொல்லுக்காகவா? என் பிள்ளையை ஒரு சொல்லுக்காகவா கொடுத்தே? வாழ்க்கையில் அவரை ஒருமையில் பேசியது அந்த ஒரு முறைதான். அவர் தடுக்கவும் இல்லை, அழவும் இல்லை. அடி வாங்கக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மூச்சு வாங்கியபோது கேட்டேன். “கிழிச்சுப் போட்டிருக்கலாம்ல? எதுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில போட்டீங்க? அந்தப் பெட்டி என் கைக்கு வரும்னு தெரியாதா?”

“தெரியும். ஒவ்வொரு எழுத்தும் முடியறப்ப எண்ணிக்கிட்டே இருந்தேன்.” அவர் சீட்டைக் காட்டினார். “அவ கடைசியாச் சொன்னது அது. அவ சொன்னபடியே, ஒரு எழுத்து மாறாம அதுல இருக்கு. அதை எப்படிக் கிழிக்கிறது? வீட்ல வச்சா நீ பார்த்துடுவே. அதுல அம்மாவுக்குன்னு இருக்கு. உனக்காகத்தான் அவ கையை நீட்டினான்னு உனக்குத் தெரியவே கூடாதுன்னு நினைச்சேன். என்னைப் பத்தித் தெரிஞ்சாக்கூடப் பரவாயில்லை, அது தெரியக் கூடாது.”

நான் சிரித்தேன். அழுகையா சிரிப்பா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. “எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? நான்தான் கேட்டேன். உன் கையால பறிச்சுக்கொண்டு வான்னு வாசல்ல நின்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்.”

ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிடாத குறையாக இருபத்திரண்டு வருடம். ஆளுக்குப் பாதியை ஒளித்துவைத்துக்கொண்டு, அடுத்தவருக்கு வலிக்கக் கூடாது என்று பொத்திப் பொத்தி நடந்திருக்கிறோம். மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் என் கை தானாகப் போய் அவர் தலைமேல் விழுந்தது, அங்கேயே இருந்தது.

அப்போது கடிகாரம் மூன்றடித்தது.

நான் வழக்கம்போலக் குழாயைத் திறக்கவில்லை. சன்னலுக்கு வெளியே, கொஞ்சம் உயரத்திலிருந்து, அந்தக் குரல் வந்தது. இந்த முறை எனக்குச் சொல் புரிந்தது. எல்லாச் சொல்லும் புரிந்தது. ‘பறிக்கட்டுமா’ என்பதில் அவளுக்கு ற எப்போதும் கொஞ்சம் வழுக்கும், அதுகூட அப்படியே இருந்தது. பிறகு பதிலுக்குக் காத்திருக்கிற அமைதி.

“உனக்கும் கேக்குதா?” என்று அவர் கேட்டார். என் கையின் கீழிருந்தே நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“எப்பவும் கேக்கும்” என்றேன்.

சன்னல் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வெளியே துணி காயும் கொடியும் பக்கத்து வீட்டுச் சுவரும்தான் இருந்தன. அவள் கேட்டது அப்பாவை. ஆனால் பழம் எனக்கு. பதில் சொல்ல வேண்டியவள் நான்தானே?

“கையெட்டறதே போதும் கண்ணு” என்றேன். “அம்மாவுக்கு அதுவே போதும். மெதுவா இறங்கி வா.”

கொடியில் ஒரு துணி அசைந்தது. நாங்கள் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் அவரை மேசையில் உட்காரவைத்து, பேனாவைக் கையில் கொடுத்தேன். எழுத்து நின்ற இடத்திலிருந்து அவர் எழுதி முடித்தார்: ‘ஏணியில் நின்றபடி, தாய்க்காகத் தந்தையிடம் கேட்டது.’ இருபத்திரண்டு வருட இடைவெளியில் பழைய எழுத்தும் புதிய எழுத்தும் ஒரே ஆள் எழுதியது போல இல்லை. மறுநாள் அலுவலகத்தில் ‘பறி’க்கு நான் எழுதிய பதிவில், பழம் என்ற பொருளை முதலில் வைத்து, அந்த வாக்கியத்தை முதல் சாட்சியாகக் கொடுத்தேன். உதாரணத்துக்குக் கேள்வி வாக்கியம் போடும் வழக்கம் இல்லை. முற்றுப்புள்ளி சீட்டை வாங்கிப் பார்த்தார். சொன்னவர் என்ற கட்டத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஏணியும் அன்று முனகவில்லை. அரைநாள் விடுப்பு எழுதிவிட்டு மூன்று மணிக்குள் வீட்டுக்கு வந்தேன். அவர் ஏற்கெனவே சன்னலருகில் நின்றிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். மணி அடித்தது. பக்கத்து வீட்டில் யாரோ பக்கெட்டை நகர்த்தினார்கள், தெருவில் ஒரு வண்டி போனது. மூன்றேகால் ஆயிற்று. மூன்றரை ஆயிற்று.

“அவளுக்குப் பதில் சொல்லாம இருந்திருக்கலாமோ?” என்றார் அவர்.

அதற்கு மறுநாளும் நின்றோம், அதற்கு அடுத்த நாளும் நின்றோம். அவள் வரவில்லை.